நாணலுக்குள் ஓர் உடைந்த பல்

என் மதிப்புக்கும், கடந்த மூன்று வருஷமாக என் பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள், வீட்டில் 'வாலு' என்றும் ஆற்றங்கரையில் 'விசில்' என்றும் அழைக்கப்படுபவள், இடது கையால் காதைப் பொத்திக்கொண்டு (நீங்கள் திட்டப்போவது இப்போதே கேட்கிறது) வலது கையால் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான், மாடியில் நீங்கள் விட்டுப்போன முக்காலி (தற்போது இருகாலி, காரணம் கேட்க வேண்டாம்) எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும், உங்கள் முழங்கால் வலியும், அதைவிட முக்கியமாக உங்கள் மன்னிக்கும் சுபாவமும் நல்லபடியாக இருப்பதை அறிய ஆவல்.

காகிதத்தில் கடிதம் வந்திருக்கிறதே, இதில் என்ன வில்லங்கமோ என்று உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். உள்ளே மிளகாய்த்தூள் இல்லை, ரப்பர் பல்லி இல்லை, சத்தியம். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் போனில் என் எண் 'எடுக்காதே' என்ற பெயரில் பதிவாகி இருக்கிறது என்று அம்மா சொன்னாள். திரையில் 'எடுக்காதே' என்று வந்தால் யார்தான் எடுப்பார்கள்? அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் ஒரே ஒரு வரி படித்துவிடுங்கள்: மாமா, உங்கள் பறவை வந்திருக்கிறது.

கிழிக்கவில்லைதானே? நன்றி. இனி மெதுவாகச் சொல்கிறேன்.

கதையின் முதல் பாதி உங்களுக்குத் தெரியும். ஆனால் அதில் என் பக்கத்தை நான் சொன்னதே இல்லை. அப்போது எனக்குப் பதிமூன்று வயசு. முன்பல்லில் பாதி சைக்கிளிலிருந்து விழுந்தபோது தெருவோடு போய்விட்டது. நம் வீட்டுக்குக் கீழே உங்கள் கண்ணாடிக் கடை. மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும் எழுத்து அட்டை சுவரில் தொங்கும். அதன் கடைசி வரியை நான் பேனாவால் மாற்றி வைத்ததும், அந்த மாதம் வந்தவர்கள் எல்லாரும் தப்பாகப் படித்ததும், நீங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அரை நம்பர் கூட்டிக் கொடுத்ததும் ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டால் ஞாபகப்படுத்தியதற்கு மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு ஒரு வேலையும் ஓடாது என்பதால், உங்கள் கழுத்தில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த தொலைநோக்கியோடு என்னையும் சேர்த்துத் தொங்கவிட்டாள். ஆற்றங்கரைக்குப் போவோம். உங்கள் பறவை பார்க்கும் சங்கம் அங்கே காத்திருக்கும்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஆறு பேர். அதில் செயலாளர் மாட்டு டாக்டர், பொருளாளர் ரொட்டிக்கடை அத்தை, மீதிப் பேர் கூட்டம். சட்டம் ஒன்றே ஒன்று: பார்த்ததையும் கேட்டதையும் அவரவர் தனியாகத் திரும்பி நின்று நோட்டில் எழுதிய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். பறவைப் புத்தகத்தைத் திறப்பது அதற்கும் பிறகு. "புத்தகத்தைப் பார்த்துட்டுப் பறவையைப் பார்த்தா, புத்தகத்துல இருக்கிறதுதான் தெரியும், பறவை தெரியாது" என்பார் டாக்டர். ஆறு பெரியவர்கள் ஆளுக்கொரு திசையில் முதுகைக் காட்டி நின்று பரீட்சை எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிட் அடிக்கக் கை ஊறும்.

பரீட்சையிலேயே கஷ்டமான கேள்வி கதிர்க்குருவி. மேலே பழுப்பு, கீழே வெளுத்த பழுப்பு, நடுவில் எங்கேயோ குருவி. நாணல் புதருக்குள்ளேயே திரியும், வெளியே வராது. குளிருக்கு எங்கிருந்தோ மலை தாண்டி வந்து, குளிர் போனதும் மலை தாண்டிப் போய்விடும். ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் வித்தியாசம் மூடிய சிறகின் நுனி கடுகளவு நீளமா, குட்டையா என்பதில்தான். குட்டையாக இருந்தால் குறுஞ்சிறகு, அது நம் ஆற்றில் வருஷா வருஷம் நூற்றுக்கணக்கில் வரும். நீளமாக இருந்தால் நெடுஞ்சிறகு, அது நம் ஆற்றில் ஒரு தடவைகூட வந்ததாக எழுத்தில் இல்லை. நீங்கள் அந்த அரிய பறவையை அறிய ஆசைப்பட்டு எட்டு வருஷம் நாணலைப் பார்த்தபடியே நின்றீர்கள். நான் பக்கத்தில் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டு வருஷம் நீங்கள் நின்றிருக்கலாம், நான் எட்டு நிமிஷத்துக்கு மேல் நின்றதே இல்லை. அப்படி ஓர் ஒன்பதாவது நிமிஷத்தில்தான், கால் கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டுப் புதருக்குப் பின்னால் போய், சும்மா ஒரு சீழ்க்கை அடித்தேன்.

டுயீ... டுயீ... ஸ்ட்ரூ.

அந்தக் கடைசி 'ஸ்' நான் போட்டது இல்லை, உடைந்த பல் போட்டது. காற்று அந்தச் சந்து வழியாகக் கசிந்து வந்தது. உலகத்தில் எந்தப் பறவையும் அப்படிப் பாடாது என்பதற்கு நானே சாட்சி. நீங்களோ கையைத் தூக்கி, "உஷ்! யாரும் மூச்சு விடாதீங்க!" என்றீர்கள். ரொட்டிக்கடை அத்தை உண்மையிலேயே மூச்சை நிறுத்தி, முகம் சிவந்து, அப்புறம் அவரைக் கரையில் உட்காரவைத்து விசிற வேண்டியதாயிற்று.

ஒரு தடவையோடு விட்டிருக்க வேண்டும். விட்டேனா? மாமா, உண்மையைச் சொல்கிறேன், ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடத்தான் வருவேன். வழி நெடுக வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வருவேன். கரையில் நீங்கள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, பந்து விளையாடக் கூப்பிடுவார்களா என்று காத்திருக்கும் பிள்ளை மாதிரி நிற்பீர்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் தயார் செய்த வாக்கியம் உள்ளே போய்விடும், சீழ்க்கை வெளியே வந்துவிடும். அந்தக் குளிர்காலம் முழுக்க நீங்கள் லென்ஸ் தேய்க்கும்போது பாடிக்கொண்டே தேய்த்தீர்கள். வாடிக்கையாளர் அட்டைகளின் பின்பக்கமெல்லாம் குருவி வரைந்தீர்கள். அப்படி ஓர் அட்டையை வாங்கிப்போன ஆசாமி மறுநாள் பதறிக்கொண்டு வந்து, "சார், இதுல 'வாலில் பட்டை இல்லை, தொண்டை வெளுப்பு'ன்னு போட்டிருக்கீங்களே, இது கண்ணுல வர்ற வியாதியா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்துச் சிரித்து மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் நீங்கள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

ஏனென்றால் அதற்கப்புறம் வந்தது அந்தக் கடைசி ஞாயிறு. அந்தக் குரலை நெடுஞ்சிறகு என்று பதிவேட்டில் ஏற்றுவதற்காகச் சங்கம் மொத்தமும் கூடி நின்றது. நான் சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, முன்கூட்டியே நாணலுக்குள் கணுக்கால் தண்ணீரில் பதுங்கியிருந்தேன். டுயீ. சரியாக வந்தது. டுயீ. அதுவும் சரி. மூன்றாவதற்கு மூச்சை இழுக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் ஒரு சிவப்பெறும்பு தன் குடும்பத்தோடு வந்து கடித்தது. நான் அலறி, வழுக்கி, தண்ணீரில் விழுந்து, தலையில் பாசியோடு எழுந்து நின்றேன். யாரும் பேசவில்லை. சட்டம்தான் இருக்கிறதே, எழுதிவிட்டுத்தான் பேச வேண்டும். ஆறு பேரும் திரும்பி நின்று எழுதினார்கள். ரொட்டிக்கடை அத்தையின் நோட்டில் இருந்தது இதுதான்: 'டுயீ, டுயீ, ஐயோ அம்மா.'

எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் நாணலையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "டாக்டர், நான் பார்த்தேன். இந்தச் சத்தம் வர்றப்பல்லாம் நாலு தடவை பார்த்திருக்கேன். இவளுக்குப் பின்னால அந்த ஒடிஞ்ச தண்டுல உட்கார்ந்திருக்கும். அலகு திறந்து மூடும். தொண்டை அசையும்" என்றீர்கள். அதற்கு டாக்டர், "சத்தம் ஒரு பக்கம் வருது, உங்க கண்ணு ஒரு பக்கம் போகுது. நம்பர் ஏறியிருக்கும். உங்க கடையிலயே ஒரு டெஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். ரொம்ப நேரம் துடைத்தீர்கள். டாக்டர் பதிவேட்டைத் திறந்து, நீங்கள் எழுதியிருந்த நெடுஞ்சிறகைச் சிவப்பு மையால் அடித்து, குறிப்பு என்ற கட்டத்தில் 'சிறுமியின் சீழ்க்கை' என்று எழுதினார்.

திட்டுவீர்கள் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். நீங்கள் ரொட்டிக்கடையில் நிறுத்தி, எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்து, "தலையைத் துவட்டு, சளி பிடிக்கும்" என்றீர்கள். மாமா, அந்தப் பன் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. அடுத்த ஞாயிறு கடையில் வேலை என்றீர்கள். அதற்கடுத்த ஞாயிறும். தொலைநோக்கி மாடி ஆணியில் தொங்கியது. அடுத்த வருஷம் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் கண் பிரிவில் வேலை என்று கிளம்பிப் போனீர்கள். உங்கள் கடை இப்போது ஜெராக்ஸ் கடை. எழுத்து அட்டையை மட்டும் யாரும் கழற்றவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வருபவர்கள் காத்திருக்கும் நேரத்தில் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு படித்துப் பார்க்கிறார்கள். கடைசி வரி இன்னும் தப்பாகத்தான் இருக்கிறது. என் பல்லை அந்த வருஷமே பல் டாக்டர் ஒட்டிக் கொடுத்துவிட்டார். நான் அதற்கப்புறம் சீழ்க்கை அடிக்கவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இப்போது இரண்டாம் பாதி, இது உங்களுக்குத் தெரியாதது. போன ஞாயிறு மாட்டு டாக்டருக்குப் பிறந்தநாள். அவருக்குப் பரிசாக ஒரு பறவை கொடுக்கலாம் என்று தோன்றியது. மாடியில் நீங்கள் விட்டுப்போன பழுப்பு சாக்ஸ் ஒன்றில் பஞ்சு அடைத்து, தீக்குச்சியில் அலகு வைத்து, அப்பா சட்டைப் பித்தானைக் கண்ணாகத் தைத்து (அப்பா திங்கட்கிழமை அலுவலகத்துக்கு நெஞ்சைத் திறந்துகொண்டு போனார்) அருமையான கதிர்க்குருவி ஒன்று செய்தேன். சிரிக்காதீர்கள், நிஜக் குருவியைவிட அழகாக இருந்தது. அதை விடியற்காலையில் கொண்டுபோய் நாணல் தண்டில் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சுப் போட்டு நிமிரும்போது, எனக்கு நேர் எதிரே, அந்த ஒடிந்த தண்டு இருந்த பக்கத்திலிருந்து கேட்டது.

டுயீ... டுயீ... ஸ்ட்ரூ.

முதலில் யாரோ என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். நான் எவ்வளவு பேரைக் கேலி செய்திருக்கிறேன், ஒருத்தர் திருப்பிச் செய்தால் நியாயம்தானே. ஆனால் அந்த 'ஸ்' இருந்ததே, மாமா! அது யாராலும் முடியாது. என்னாலேயே இப்போது முடியாது. அது என் பதிமூன்று வயசுப் பல். உடைந்து தெருவோடு போன பல்லின் சத்தம் நாணலுக்குள்ளே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. மெதுவாகத் தண்டை விலக்கிப் பார்த்தேன். பழுப்பு. மேலே பழுப்பு, கீழே வெளுத்த பழுப்பு. அலகு திறந்து மூடியது. தொண்டை அசைந்தது.

அங்கிருந்து ஓட ஆரம்பித்தவள்தான், இந்த வாரம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறேன். முதலில் டாக்டரிடம் ஓடினேன். அவர் ஓர் ஆட்டின் வாயைப் பிளந்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் சார்! என் விசில் நாணல்ல பாடுது!"

"உன் விசில் நாணல்ல பாடும். இந்த ஆடு அடுத்து கச்சேரி பண்ணும். போய்ப் படிக்கிற வேலையைப் பாரு."

"சத்தியமா சார், என் காதால கேட்டேன்!"

"போன தடவை ஆறு பேர் காதால கேட்டோம். அதுவும் சத்தியமாத்தான் கேட்டுச்சு."

நான் அடுத்த சத்தியம் செய்வதற்குள் ஆடு மருந்து மொத்தத்தையும் என் முகத்தில் துப்பிவிட்டது. ஆடு கூட என்னை நம்பவில்லை. சரி, ஆதாரத்தோடு வருவோம் என்று மறுநாள் போனில் பதிவு செய்யப் போனேன். நாற்பது நிமிஷம் கையை நீட்டிக்கொண்டே நின்றதில் கை மரத்துப்போய், போன் ஆற்றில் குதித்தது. அதை எடுக்க நான் குதித்தேன். இரண்டு நாள் அரிசி டப்பாவில் புதைத்து வைத்து உயிர் கொடுத்துப் போட்டுக் கேட்டால், ஆற்றுச் சத்தம், நடுவில் என் தும்மல் இரண்டு, கடைசியில் 'ஐயோ அம்மா'. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வசனம் மட்டும் மாறவே இல்லை.

புதன்கிழமை ரொட்டிக்கடை அத்தையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, முதல் ஈடு ரொட்டிக்கும் இரண்டாவது ஈட்டுக்கும் நடுவில் கிடைத்த அரைமணி நேரத்தில் ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். குருவி வாயைத் திறக்கவில்லை. அத்தைதான் வாயைத் திறந்தார். "ஏய், அதோ! அந்தத் தண்டுல! பார்த்துட்டேன், நீ பேசாதே, எழுதுறேன்" என்று திரும்பி நின்று ஒரு பக்கம் எழுதினார். மறுபடி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். "என்ன பொறுமை பாரு! பத்து நிமிஷமா ஆடலை, அசையலை. எங்க வீட்டுக்காரருக்கு இதுல பாதி இருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்" என்றார். அப்புறம் சக்கரத்தைத் திருகிக் கூர்மையாக்கிப் பார்த்தவர், தொலைநோக்கியை மெல்ல இறக்கினார். "ஏண்டி விசில், இதோட கண்ணுல ஏன் நாலு ஓட்டை இருக்கு?"

ஓடுகிற அவசரத்தில் சாக்ஸ் குருவியை அவிழ்க்க மறந்திருந்தேன், மாமா. அன்றைக்கு அந்தத் தெருவில் ஒவ்வொரு ரொட்டியோடும் இந்தக் கதையும் இலவசமாகப் போயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே அம்மா.

"உனக்கு இன்னும் புத்தி வரலையா? என் தம்பியை ஊரை விட்டே அனுப்பினியே, அது பத்தாதா?"

"மாமா வேலை கிடைச்சுதானே போனார்?"

அம்மா தட்டை எடுத்தாள், வைத்தாள். அப்புறம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அப்படித்தான் உங்கிட்ட சொல்லச் சொன்னான். சின்னப் பிள்ளை மனசுல வெச்சுக்கும்னான். கண்ணாடிக்காரனையே கண் டெஸ்ட் பண்ணச் சொல்லிட்டாங்கன்னு, ஒவ்வொருத்தர் கடைக்கு வர்றப்பவும் அவனுக்கு அதே ஞாபகம். எப்படி இருப்பான்?" என்றாள்.

மாமா, மூன்று வருஷமாக எனக்குச் சளி பிடிக்காமலே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா?

அன்று ராத்திரி உங்கள் பழைய பறவைப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். (முதலில் பறவை, பிறகு புத்தகம். சட்டப்படிதான்.) அதில் நீங்கள் பென்சிலால் அடிக்கோடிட்ட வரி ஒன்று இருந்தது: கதிர்க்குருவிகளில் சில, மற்றவற்றின் குரலைத் திருடிப் பாடும், குஞ்சுப் பருவம் முடிந்த முதல் வருஷத்தில் கேட்டதைத்தான் ஆயுசுக்கும் வைத்திருக்கும். ஓரத்தில் உங்கள் கையெழுத்து: ஒவ்வொரு குளிருக்கும் அதே புதருக்கே திரும்பி வரும். இதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. நான் உங்களை ஏமாற்றிக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், எனக்குப் பின்னால் முதல் தடவையாக மலை தாண்டி வந்த பொடியன் ஒருத்தன் உட்கார்ந்து, ஞாயிறு தவறாமல் பாடம் கேட்டிருக்கிறான். கேட்டதை வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்திருக்கிறான். அலகு திறந்து மூடியது. தொண்டை அசைந்தது. நீங்கள் பார்த்தது நிஜம், மாமா. மற்றவர்கள் எல்லோரும் காதை நம்பினார்கள், நீங்கள் ஒருத்தர் கண்ணை நம்பினீர்கள். உங்கள் நம்பரில் ஒரு தப்பும் இல்லை.

மறுநாள் டாக்டரிடம் போய் இதைச் சொன்னேன். இந்தத் தடவை ஆடு இல்லை. அவர் வெப்பமானியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா பதிவேட்டுல ஏத்தணும்னா உன்னைத் தவிர இன்னொரு ஆள் கேட்டு எழுதணும். உன்னை நம்பி யார் வருவா?" என்றார். "மாமா வந்தா?" என்றேன். வெப்பமானியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நீங்கள் கண்ணாடி துடைத்த மாதிரியே. "வந்தா... நானும் வரேன்" என்றார்.

ஆகவே இந்தக் கடிதத்தின் விண்ணப்பம்: இது கையில் கிடைத்ததும் வருகிற முதல் ஞாயிறே கிளம்பி வாருங்கள். குளிர் விட ஆரம்பித்துவிட்டது, அதனால்தான் அது பாட ஆரம்பித்திருக்கிறது, பாட ஆரம்பித்தால் கிளம்பப்போகிறது என்று அர்த்தம். சிறகு நுனியை நான் நன்றாகப் பார்த்தேன், நீளம்தான். ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ரொம்பவே நீளம். நெடுஞ்சிறகேதான். நம் ஆற்றில் முதல் பதிவு. உங்கள் கையெழுத்து இல்லாமல் அது பதிவாகாது. நீங்கள் எட்டு வருஷம் காத்திருந்த பறவையை நான் ஒரு குளிர்காலத்தில் கெடுத்தேன், அதை நானே திருப்பிக் கொடுக்கிறேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுத இரண்டு பக்கம் யோசித்தேன், கடைசியில் அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. மன்னித்துவிடுங்கள் மாமா.

அம்மா உங்களை விசாரித்தாள். அப்பா பித்தானை விசாரித்தார். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கவும். எல்லாச் சுகமும் உங்களுக்குக் கிடைக்க வேண்டும், என் தொல்லையும் கூடவே கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்புள்ள
வாலு

பின்குறிப்பு: மேலே எழுதியதில் முக்கியமானதெல்லாம் தப்பு. கடிதத்தை உறையில் போட்டுவிட்டுத் தபால்தலை வாங்கப் போவதற்கு முன், இன்று சனிக்கிழமை, ஒரு தடவை ஆற்றுக்குப் போனேன். அங்கே மாட்டு டாக்டர் முழங்கால் தண்ணீரில், எருமை மாதிரி, அசையாமல் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ! என்னைப் பார்த்ததும், "ரெண்டு கையாலயும் வாயைப் பொத்து" என்றார். பொத்தினேன். குருவி பாடியது, 'ஸ்' உட்பட. அவர் திரும்பி நின்று எழுதினார். "இப்போ நீ அடி" என்றார். அடித்தேன். என்ன முயன்றும் வெறும் 'ட்ரூ'தான் வந்தது. ஒட்டின பல். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கேமராவை வைத்துக்கொண்டு நின்று, சிறகைப் படமெடுத்து, பெரிதாக்கி, நுனி இறகை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"குறுஞ்சிறகு. இந்த ஆத்துல நூறு இருக்கும்" என்றார்.

"நல்லாப் பாருங்க சார். கொஞ்சம் நீளமாத் தெரியலை?"

"தெரியலை. இந்தக் கண்ணாடி உங்க மாமா போட்டுக் கொடுத்தது. தப்பாக் காட்டாது."

ஆக, அரிய பறவை இல்லை. முதல் பதிவு இல்லை. உங்கள் கையெழுத்தும் தேவையில்லை, நூறில் ஒன்றுக்கு யார் சாட்சி கேட்கிறார்கள்? இந்தப் பின்குறிப்பை எழுதாமலே அனுப்பியிருந்தால் நீங்கள் படித்த கையோடு பஸ் ஏறியிருப்பீர்கள். பேனாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசிக்கவும் செய்தேன். ஆனால் அந்தப் புதரிலிருந்து உங்களுக்கு இன்னொரு பொய்ப் பறவை போக வேண்டாம். இந்தக் குருவி இன்னும் இரண்டு வாரம் இருக்குமாம். தவறினால் அடுத்த குளிருக்கு அதே தண்டுக்கு வருமாம். அதனால் அவசரமாக வர வேண்டாம். அவசரமில்லாமல் வாருங்கள்.

இன்னொன்று. டாக்டர் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பழைய பதிவேட்டை எடுத்தார். சிவப்பு மையில் அடித்த அந்த வரியைத் தேடிப் பிடித்தார். 'சிறுமியின் சீழ்க்கை' என்பதற்குக் கீழே நீல மையில், 'திருத்தம்: பறவையும் இருந்தது' என்று எழுதினார். 'முதலில் பார்த்தவர்' என்ற கட்டத்தில் உங்கள் பெயரை எழுதி, தேதிக்கு மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போட்டார். அப்புறம் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

வருவதாக இருந்தால் போன் பண்ணுங்கள். உங்கள் எண்ணை 'உடனே எடு' என்ற பெயரில் மாற்றி வைத்திருக்கிறேன்.